ஆச்சா, ஆகலையா என்று கேட்டவர்

பெருமாள்சாமி சாரின் மைத்துனர் சைக்கிளைப் பள்ளிக்கூட வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தபோது, நாங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் வராந்தாவில் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். திங்கட்கிழமை காலை, முதல் மணி அடிப்பதற்கு முன்னால். அந்த நேரத்தில் அந்த வராந்தாவில் அப்படி நிற்கும் வழக்கத்தை எங்களுக்கு உண்டாக்கியவரே, எங்கள் தலைமையாசிரியராக இருந்த பெருமாள்சாமி சார்தான். மைத்துனர் தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்தார். அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. "விடியக்காலம் போயிட்டாகண்ணே. ஒண்ணும் கஷ்டப்படல. தண்ணி கேட்டாக, குடிச்சாக, அம்புட்டுத்தான்" என்றார்.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. 'அப்பாடா' என்றுதான் நெஞ்சு சொன்னது. இரங்கல் எழுத உட்கார்ந்தவன் முதலில் சொல்லக்கூடிய வார்த்தையா இது என்று யாராவது முகம் சுளிக்கலாம். அவரை அறிந்தவர்கள் சுளிக்கமாட்டீர்கள். வயிற்று நோவோடு அவர் பட்ட பாடு முடிந்தது என்பது ஒரு நிம்மதி. அதைவிடப் பெரிய நிம்மதி ஒன்று உண்டு. எங்கள் பியூன் முத்துக்கருப்பனுக்குச் செய்யாத தப்புக்காக வேலை போனது. அதைத் திரும்ப வாங்கிக் கொடுப்பதாகப் பெருமாள்சாமி வாக்குக் கொடுத்திருந்தார். அவர் சொல்லிச் செய்யாமல் வைத்திருந்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதுவும் முடிந்து, முடிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மனிதர் போனார்.

அவர் எங்கள் பள்ளிக்கு வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. பழங்காநத்தம் பக்கத்தில், வயல் முடிந்து தெரு ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நானும் நினைத்திருந்தேன், என் வீட்டிலும் நினைத்திருந்தார்கள். எங்கள் தறிக்காரத் தெருவில் பாதிப் பேர் வாழ்த்தும் சொல்லிவிட்டார்கள். வந்தது என்னவோ செக்கானூரணிக்கு மேற்கே ஒரு விவசாயச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. என்னைவிட வயதில் சின்னவர். கருத்த, அகலமான ஆள். தலைப்பாகையைக் கட்டினால் அது ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கும். முதல் நாளே என்னிடம் வந்து, "நீங்க இருக்க வேண்டிய இடத்துல நான் உக்காந்திருக்கேன்னு சொன்னாகண்ணே. வருத்தம் இருக்கும். இருக்கட்டும். வேலைய மட்டும் சேந்து பாப்போம்" என்றார். அண்ணே என்று கூப்பிட்டவரைப் பதிலுக்குத் தம்பி என்றுதானே கூப்பிடவேண்டும்? நான் 'சார்' என்றேன். முதலில் கோபத்தில் சொன்னது, பிறகு பழக்கமாகவே நின்றுவிட்டது.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் பள்ளிக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. ஆசிரியர் கூட்டத்தில் அதை உடனே கட்டிவிடுவது என்று எல்லோரும் ஏகமனதாகத் தலையாட்டினோம். கூட்டம் நன்றாக நடந்தது, காபி வந்தது, கலைந்தோம். சுவர் மட்டும் இடிந்தபடியே கிடந்தது.

ஏன் கிடந்தது என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கினால் நம்பமாட்டார்கள். எங்கள் வட்டாரத்துக் கொத்தனார், எங்கள் டிராயிங் மாஸ்டருக்குச் சம்பந்தி. மாஸ்டரின் பெண்ணைக் கொத்தனாரின் மகனுக்குக் கொடுத்திருந்தது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய், 'எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேலை செய்து கொடுங்கள்' என்று எப்படிக் கேட்பது என்று மாஸ்டர் கூச்சப்பட்டார். அவரைத் தாண்டிக்கொண்டு நாங்கள் நேரே சம்பந்தியிடம் போனால் அது மாஸ்டருக்கு அவமரியாதை. வேறு கொத்தனாரைக் கூப்பிட்டாலோ இரண்டு வீட்டுக்கும் அவமானம். ஆகையால் நாங்கள் மாஸ்டர் சொல்லட்டும் என்று இருந்தோம். மாஸ்டர் நாங்கள் யாராவது சொல்லட்டும் என்று இருந்தார். எல்லோரும் மரியாதைக்காரர்கள்.

ஒரு நாள் மதியம் மூன்றாம் வகுப்புச் சின்னப்பொண்ணு சிலேட்டுக் கழுவப் போனவள் கிணற்றுக்குள் விழுந்தாள்.

சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் பெருமாள்சாமி கோட்டோடும் தலைப்பாகையோடும் உள்ளே குதித்துவிட்டார். வயல் கிணறுகளில் குதித்து வளர்ந்த உடம்பு. மழைக்காலம் என்பதால் தண்ணீர் மேலே இருந்தது, அந்தப் புண்ணியமும் சேர்ந்தது. முதலில் தலைப்பாகை மட்டும் மிதந்துகொண்டு சுற்றியது. அதையே பார்த்துக்கொண்டு நாங்கள் நின்றோம். பிறகு அவர் தலை தெரிந்தது, தோளில் அந்தப் பெண் தெரிந்தாள். கயிற்றைப் போட்டு இழுத்தோம். குப்புறப் போட்டு முதுகில் தட்டியதும் தண்ணீரைக் கக்கிவிட்டு, "சார், என் சிலேட்டு?" என்று கேட்டாள். தமிழ்ப் பண்டிதர் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று கேட்டால், அந்தக் கணத்தில் வேறு எதுவும் எனக்கு வரவில்லை.

மதிய நேரத்தில் கிணற்றடியில் நின்று பிள்ளைகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கவேண்டியது பியூன் முத்துக்கருப்பனின் வேலை. அன்று அவன் அங்கே இல்லை. பள்ளியை நடத்திவந்தவர் ஒரு நூல் வியாபாரி, மானேஜர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர் வீட்டில் கல்யாணம். பந்தல் வேலைக்கு ஆள் போதவில்லை என்று அவரே முத்துக்கருப்பனை வரச்சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் அதே மானேஜர் பள்ளிக்கு வந்து, வேலை நேரத்தில் இடத்தில் இல்லாத பியூனை நீக்கியாயிற்று என்றார். எங்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை. பெருமாள்சாமி மட்டும், "அவனக் கூப்பிட்டு விட்டது யாருங்க?" என்று கேட்டார். மானேஜர் அவரை மேலும் கீழும் பார்த்து, "உமக்குத் தலைமையாசிரியர் வேலை வேணுமா, வேண்டாமா?" என்றார். பேச்சு அத்தோடு நின்றது. முத்துக்கருப்பன் கீழவாசல் பக்கம் மூட்டை தூக்கப் போனான். அவன் போகும்போது பெருமாள்சாமி வாசல்வரை கூடப் போய், "உன்னத் திரும்ப இங்க கொண்டாறது என் பொறுப்பு" என்று எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

அடுத்து வந்த திங்கட்கிழமைதான் எங்களை முதன்முதலாக வராந்தாவில் நிற்கவைத்தார். "உக்காந்தா பேச்சு நீளும். நின்னே பேசிருவோம்" என்றார். சட்டம் எளிது. யார் எந்தக் காரியத்தைச் செய்வதாக ஒத்துக்கொண்டார்களோ, அவர்கள் அதைச் சொல்லி, ஆச்சு அல்லது ஆகலை என்று சொல்லவேண்டும். காரணம் கடைசியில், அதுவும் யாராவது கேட்டால். தமிழ்ப் பண்டிதர் என் காதில், "நாமெல்லாம் பாடம் ஒப்பிக்கிற பிள்ளைகளா?" என்று முணுமுணுத்தார். எனக்கும் கொதித்தது. ஆனால் முதலில் வாயைத் திறந்தது பெருமாள்சாமிதான். "முத்துக்கருப்பனத் திரும்ப வேலையில சேக்கிறதாச் சொன்னேன். ஆகலை." அவ்வளவுதான். மானேஜரைப் பற்றி ஒரு குறை இல்லை, தன்னைப் பற்றி ஒரு சமாதானம் இல்லை. தலைமையாசிரியர் ஒருவர் தம்முடைய ஆசிரியர்களுக்கு முன்னால் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தது டிராயிங் மாஸ்டர் முறை. அவர், "என்னன்னா, வெளியிலருந்து பாக்கிறதுக்கு இது சின்ன விசயமாத் தெரியும், ஆனா குடும்பம்னு வரும்போது..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, ஆச்சா, ஆகலையா?"

"ஆகலை."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டு விழப்போகிறது என்று நாங்கள் நினைத்தோம். பெருமாள்சாமி கேட்டது வேறு. "சரி. ஒங்க கூட யாரு வரணும்?" என்றார். நான் இத்தனை வருஷம் அவரோடு இருந்ததில், ஆகலை என்று சொன்ன யாரையும் அவர் கடிந்து பேசியதில்லை. எல்லோரிடமும் இதே கேள்விதான். கூட யார் வரவேண்டும், எப்போது கிளம்பவேண்டும். "தனியாப் போகக் கூச்சமா இருந்தாச் சொல்லுங்க, நானும் வாரேன்" என்பார். ஆச்சு என்று பொய் சொன்னவர் ஒருவர் உண்டு. அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை.

அன்று சாயங்காலமே வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் எல்லாம் தட்டில் வைத்து, மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு கொத்தனார் வீட்டுக்குக் கிளம்பினார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். "ஒங்க சம்பந்தி ஒண்ணும் கேட்டு வரலைங்க. கேக்க வந்தது நானு. எனக்கு வழி தெரியாதுன்னு அவுகளக் கூட்டியாந்தேன்" என்று தட்டை நீட்டினார். கொத்தனார் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இம்புட்டுத்தானா? சொவரு இடிஞ்சு கெடக்கிறத நானும் போக வரப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். நானா வந்து கட்டித் தாரேன்னா, சம்பந்தி கிட்டயே வேலைக்கு அலையிறான்னு பேசுவாகளேன்னு பொத்திக்கிட்டு இருந்தேன்" என்றார். அவரும் மரியாதைக்காரர். அந்த வாரம் முடிவதற்குள் சுவர் எழுந்துவிட்டது.

எங்கள் தெருவில் தறியில் உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்குக் கூட்டிவருவது என் பொறுப்பாக இருந்தது. சொந்தத் தெரு என்பதாலேயே எனக்கு அது முடியாத வேலை. பிள்ளையை அனுப்பு என்றால், 'நீ படித்து என்ன பவுனா கொட்டிவிட்டாய்' என்று, தமிழல்லாத எங்கள் வீட்டுப் பாஷையிலேயே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். நான் ஆகலை என்று சொன்ன திங்கட்கிழமை அவரும் என்னோடு கிளம்பிவிட்டார். ஒரு வீட்டில், தறியில் இருந்தவர் இவர் உருவத்தைப் பார்த்துவிட்டு, போலீஸ்காரனையா கூட்டிவந்திருக்கிறாய் என்று என்னிடம் எங்கள் பாஷையில் கேட்டார். "என்ன சொல்றாரு?" என்றார் பெருமாள்சாமி. "உங்களை உட்காரச் சொல்கிறார்" என்றேன். அவர் பாவு நூலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தறி எப்படி ஓடுகிறது என்று இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. எழுந்திருக்கும்போது, "காலையில மட்டும் அனுப்புங்க, மத்தியானம் தறிக்கு வந்துரட்டும். நான் பொறுப்பு" என்றார். அந்தப் பையன் வந்தான். அவனைப் பார்த்து அடுத்த வீட்டுப் பையன் வந்தான். அடுத்த திங்கட்கிழமை வராந்தாவில் நான் ஆச்சு என்று சொன்னபோது, நாற்காலி கிடைக்காத கோபம் என்னிடம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். காணவில்லை.

ஆனால் வாரா வாரம் முதல் குரல் மட்டும் மாறவில்லை. "முத்துக்கருப்பன், ஆகலை." நடுநடுவே மானேஜரிடம் போய்க் கேட்பார், வெறுங்கையோடு வருவார், திங்கட்கிழமை சொல்வார். ஒரு தடவை மானேஜரே ஏதோ வேலையாக வந்தவர் வராந்தா ஓரத்தில் நின்று இதைக் கேட்டுவிட்டார். "இன்னுமா இதச் சொல்லிக்கிட்டுத் திரியிறீர்?" என்று முகம் சிவந்தார்.

"ஆகற வரைக்கும் சொல்லணுமுங்க. வாக்குச் சொன்னது நாந்தான" என்றார் பெருமாள்சாமி. குரலில் மரியாதை குறையவில்லை. அந்த வருஷம் அவருக்குச் சம்பள உயர்வு வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அவருக்கு வயிற்று நோவு முற்றியது. தல்லாகுளத்தில் ஒரு டாக்டர் பார்த்தார், ஊரோடு போய் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். பொறுப்பை என்னிடம் ஒப்படைத்த அன்று அவர் சாவிக்கொத்தைக் கொடுத்தார், ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "முத்துக்கருப்பன விட்டுறாதீகண்ணே."

எனக்கு வந்தது தற்காலிக வேலை. மானேஜர் ஒரு கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், போடாவிட்டால் பழைய வகுப்பு. நானும் குடும்பஸ்தன்தான். முதல் திங்கட்கிழமை தலைமையாசிரியர் இடத்தில் போய் நின்றேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். மனம் ஓடிய ஓட்டத்தை நான் அடக்கிப் பிடித்துச் சொல்லிவிட்டேன். "முத்துக்கருப்பன், ஆகலை." சொல்லி முடித்ததும் உடம்பே லேசாகிவிட்டது. ஆகலை என்று சொல்வதில் இத்தனை நிம்மதி உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கடைசியில் காரியத்தை முடித்துக் கொடுத்தது நான் அல்ல, எங்கள் பிள்ளைகள். வாரா வாரம் வகுப்பு ஜன்னல் வழியே வராந்தாவைப் பார்த்துப் பார்த்து அதை ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள். தெருவில் வரிசையாக நிற்பார்கள். ஒருத்தி தலைமையாசிரியர். "முத்துக்கருப்பன்?" என்று அவள் கத்தினால் மற்றவர்கள் எல்லோரும் "ஆகலை!" என்று கத்திக்கொண்டு ஓடவேண்டும். இதை எந்தத் தெருவில் விளையாடுவது என்ற விவஸ்தை பிள்ளைகளுக்கு ஏது? மானேஜர் வீட்டு வாசலிலும் விளையாடினார்கள். அவருடைய பேத்தியும் வரிசையில் நின்றாள். நூல் வாங்க வருகிறவர்கள், "யாருங்க அந்த முத்துக்கருப்பன்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை மானேஜர் வந்தார். முன்பு ஓரத்தில் நின்று கேட்டவர், செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வரிசையின் கடைசியில் வந்து நின்றார். என் முறை முடிந்தது, மற்றவர்கள் முறை முடிந்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அன்னைக்கி அவன எங்க வீட்டுக்குக் கூப்பிட்டது நாந்தான். நாளைக்கி வேலைக்கு வரச் சொல்லுங்க" என்றார். பிறகு சிறுபிள்ளைபோல என்னைப் பார்த்து, "வேற ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார். "இல்லைங்க, போதும்" என்றேன். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த வெறுப்பும் அன்று பாதி குறைந்துவிட்டது. மீதி இருக்கிறது.

முத்துக்கருப்பன் தலை நரைத்து வந்து சேர்ந்தான். அந்தச் சனிக்கிழமையே அவனைக் கூட்டிக்கொண்டு, யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரியைப் போட்டு ஓட்டிய கரிவாயு பஸ் ஏறினேன். வழியில் அது இரண்டு இடத்தில் நின்றது, நாங்கள் இறங்கித் தள்ளினோம். பெருமாள்சாமி கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அந்த அகலமான ஆளில் பாதிகூட மிச்சமில்லை. முத்துக்கருப்பனை வாசலில் நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். "சார், ஆச்சு" என்றேன்.

அவர் என்னையே உற்றுப் பார்த்தார். "உத்தரவு ஆச்சா, ஆளு வந்தானா? கண்ணால பாத்தீகளா?"

"நீங்களே பாருங்க" என்று வாசலைக் காட்டினேன். காக்கிச் சட்டையோடு முத்துக்கருப்பன் வந்து நின்றான். "வந்துட்டேன் சாமி" என்றான். பெருமாள்சாமிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, அதில் நோவு கிளம்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். அவர் சம்சாரத்தைக் கூப்பிட்டு, வந்தவர்களுக்குச் சோறு போடச் சொன்னார். நாங்கள் சாப்பிடும்வரை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தே இருந்தார். "இனிமே திங்கக்கெழம எம் மொறை வந்தா நான் சும்மா நிக்கலாம்ணே" என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிணத்துக் கயிறு நைஞ்சு போயிருந்துச்சே, மாத்தியாச்சா?" என்று கேட்டார். ஆகலை என்றேன். "யாரு கூட வரணும்?" என்று கேட்டுவிட்டு, தான் இருக்கிற நிலையை நினைத்து அவரே சிரித்தார்.

கயிற்றை மாற்றிவிட்டேன். செய்தி வந்த அன்று மணி அடிக்க நேரமாகிவிட்டது. முத்துக்கருப்பன் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அடி என்றேன். அழுதுகொண்டே அடித்தான். பிறகு பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டு எல்லோரும் கிளம்பிப் போய், அவரைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்தோம்.

அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது 'ஆகலை' என்ற அந்த ஒரு சொல்தான். காரணம் சேர்க்காமல், தலையைக் குனியாமல், கூட வர ஆள் உண்டு என்ற தைரியத்தோடு சொல்கிற ஆகலை. அவரைப் பற்றி ஆண்டு மலருக்கு எழுதித் தருவதாக ஆசிரியர்களிடம் நான் ஒத்துக்கொண்டிருந்தேன். எழுத உட்காரும்போதெல்லாம் அந்த மிதக்கிற தலைப்பாகைதான் கண்ணில் வந்தது, கை ஓடவில்லை. சென்ற திங்கட்கிழமைகூட வராந்தாவில் முதல் ஆளாக நின்று, "பெருமாள்சாமி சாரைப் பத்தி எழுதறதாச் சொன்னேன். ஆகலை" என்று சொன்னேன். யாரும் காரணம் கேட்கவில்லை. டிராயிங் மாஸ்டர் மட்டும், "யாரு கூட வரணும்?" என்று கேட்டார். இன்று சாயங்காலம் நான் எழுத எழுத அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆச்சு, தம்பி.